நெடுவழிச் சைக்கிள் யாத்திரையும் காலக் கணக்கும்

நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுதற்குத் தேக பலம் ஒன்றே போதுமென எண்ணுவார் பலர். அஃது உண்மையன்று. இத்தகைய யாத்திரையைக் கடைசிவரை கொண்டு செலுத்துவது காலின் வலிமையினும் காலக் கணக்கேயாம். இதனை ஈண்டுச் சிறிது விளக்குவாம்.

1891-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்தில், பாரிஸ் நகரினின்று பிரெஸ்ட் துறைமுகம் சென்று மீளும் சுமார் 1,200 கிலோமீட்டர் பந்தயம் முதன்முதல் நடைபெற்றது. ஷார்ல் தெரோன் என்பவர் ஏறக்குறைய 71 மணி நேரத்தில் மீண்டு முதல்வரானார். இக்காலத்தில் அது பந்தயமன்று; நான்காண்டுக்கொருமுறை நிகழும் பொறுமைச் சோதனை. 90 மணிக்குள் முடிப்பார் யாவரும் தேறியவரே. இதனை நடத்தும் பாரிஸ் ஆடாக்ஸ் சங்கத்தின் விதிகளைத் தழுவியே நம் நாட்டிலும் 'பிரெவே' என்னும் யாத்திரைகள் நடைபெறுகின்றன. சென்னையில் மெட்ராஸ் ரேண்டனர்ஸ் சங்கத்தார் இவற்றை நடத்துகின்றனர். 200 கிலோமீட்டருக்கு 13½ மணி, 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40 மணி என்பது எல்லை. நவம்பர் முதல் அடுத்த அக்டோபர் முடிய ஒரே பருவத்தில் நான்கையும் முடித்தவர் 'சூப்பர் ரேண்டனர்' எனப்படுவர்.

வாலாஜாபாத்தில் வாழும் மாணவர் ஒருவர் இதனை விரும்பினாரென வைத்துக்கொள்வோம். முதற்கண் அவர் பார்க்கவேண்டுவது பஞ்சாங்கம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்யும். சித்திரை, வைகாசியிலோ அக்கினி நட்சத்திரம் தகிக்கும். இடைப்பட்ட காலமே நமக்கு உற்றது. ஆகவே சங்கத்தார் வெளியிடும் தேதிகளுள், டிசம்பர் இறுதியில் 200, ஜனவரியில் 300, பிப்ரவரியில் 400, மார்ச்சுத் தொடக்கத்தில் 600 எனத் தெரிந்தெடுத்தல் நன்று. ஒன்று தவறினும் அவ்வாண்டின் முயற்சி வீணாகாதபடி, வடகிழக்குப் பருவமழைக்கு முன் வரும் ஆகஸ்டு, செப்டம்பர் தேதி ஒன்றையும் குறித்து வைத்தல் வேண்டும். பரீட்சைக்கு முந்திய வாரங்களை அடியோடு விலக்குக.

அடுத்தது பயிற்சி. காஞ்சிபுரம், செங்கற்பட்டு வழிகள் விடியற்காலைக்கு ஏற்றவை. ஒரகடம் வழியே வண்டலூர் செல்லும் சாலையிலோ கண்டெய்னர் லாரிகளும் தொழிற்சாலைப் பஸ்களும் மிகுதி. ஷிப்டு மாறும் வேளையில் அங்கே செல்லாதிருப்பதே விவேகம். இரவில் முன்னும் பின்னும் விளக்கும், ஒளி திருப்பும் மேலுடுப்பும் இன்றியமையாதன.

இனி நாட்கணக்கை விட்டு மணிக்கணக்கைக் காண்போம். மணிக்கு 20 கிலோமீட்டர் வீதம் ஓட்டுவோர்க்கு 600 கிலோமீட்டர் கடக்க 30 மணி செல்லும். எஞ்சுவது பத்தே மணி. உணவு, தண்ணீர், பஞ்சர், வழியிற் சீட்டில் முத்திரையிடல் ஆகியவற்றிற்கு ஐந்து மணி கழித்தால் உறக்கத்திற்கு ஐந்து மணி நிற்கும். பதினைந்து தேநீர்க் கடைகளில் பத்துப் பத்து நிமிடம் வீணே கழிப்பாராயின் இரண்டரை மணி போயிற்று. அஃதாவது பாதி உறக்கம் போயிற்று. அவ்வுறக்கமின்மை பின்னிரவில் லாரிகளின் நடுவே கண்ணை மூடச்செய்யும். கடைத்தெருவில் இழந்த நிமிடத்திற்கு உயிரையே விலையாகக் கொடுக்க நேரலாம்.

ஆதலின், கண் செருகும்போது வண்டியை நிறுத்தி உறங்குதலும், அதனால் காலம் தவறின் மனமார விலகுதலும் திட்டத்தின் பகுதியேயன்றித் தோல்வியல்ல. தவறிய தூரத்தை மற்றொரு தேதியில் ஓட்டலாம். போன உயிர் மீளாது. பதறாத காரியம் சிதறாது என்னும் முதுமொழியை நம் மாணவர் கல்வியிலும் சாலையிலும் மறவாதிருப்பாராக.