பல்காவோவின் முழங்கால்

சென்ற ஆண்டின் இறுதித் தவணையில் ஒருநாள், பதினோராம் வகுப்பில் புணர்ச்சி விதிகளைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் கரும்பலகையை நோக்காது, குறிப்பேட்டின் பின்னட்டையில் ஏதோ வரைந்துகொண்டிருந்தான். அருகிற் சென்று வாங்கிப் பார்த்தேன். நீண்ட தலைமயிர் காற்றிற் பறக்க, ஓர் ஆடவன் பந்தை நோக்கிக் கிடையாகப் பாய்கின்ற படம்.

"யாரடா இவர்?"

"பல்காவோ ஐயா. கொலம்பியாக்காரர். என்ட முழங்கால் மாதிரித்தான் அவர்ட முழங்காலும்."

வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் பாடசாலை அணியின் முன்வரிசை ஆட்டக்காரனாய் இருந்தவன். ஓராட்டத்தில் எதிரணியினன் ஒருவனோடு மோதி விழுந்தான். முழங்காலின் உள்ளே எலும்பிரண்டையும் பிணைத்து நிற்கும் நார் அறுந்துபோயிற்று. அறுவைச் சிகிச்சையும் முடிந்தது. அதன்பின் மாலை நேரங்களில் மைதானத்தின் ஓரத்தே, பிறர் கழற்றி வைத்த சட்டைகளுக்குக் காவலாக அவன் இருப்பதைப் பலமுறை கண்டிருக்கின்றேன்.

"அவர் பிறகு விளையாடினாரா?" என்று கேட்டேன்.

"விளையாடினவர் ஐயா. ஆனால் உலகக் கிண்ணத்துக்கு நாலு வருசம் காத்திருந்தவர்."

அன்று முதல் ஆசிரியன் மாணவனானேன். அவன் தன் கைப்பேசியிற் காட்டிய ஆட்டங்களையும், நானே தேடிப் படித்தவற்றையும் துணையாகக் கொண்டு இதனை எழுதுகின்றேன். பண்டிதனுக்கு உதைபந்தாட்டத்தோடு என்ன உறவு என்று நண்பர் சிலர் வினவக்கூடும். சிலப்பதிகாரத்துக் கந்துகவரி பந்தாடும் மகளிரைப் பாடுவது. அங்கே பந்து கைக்குரியது. காலால் உதைக்கும் பந்து நம்மிடம் பின்னாளில் வந்து சேர்ந்ததுதான். ஆயினும் மன்னார்த் தீவில் மாலைப் பொழுதிற் பந்து உருளாத கடற்கரை ஏது? இலங்கைத் தேசிய அணியில் ஆடிய டக்சன் பியூஸ்லஸ் இம்மண்ணிற் பிறந்தவரே. மாலைதீவுக் கழகங்களுக்கும் ஆடிய அவர், 2022 பெப்ரவரியில் அந்நாட்டிலேயே இளமையில் மறைந்தார். அவரைப் பற்றித் தனியே எழுதல் வேண்டும். நிற்க.

பல்காவோ என்னும் பெயரின் முதலொலிக்கு நம் நெடுங்கணக்கில் எழுத்தில்லை. ஆய்தத்தை அதன் இடத்திலிருந்து பெயர்த்துப் பகரத்தின்முன் நிறுத்துவதை நான் ஒப்புவதில்லை. ஆகவே பல்காவோ என்றே எழுதுகின்றேன். அப்பெயரும் இரவற் பெயரே. 1982ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தில் ஆடிய பிரேசில் வீரர் பல்காவோவின் நினைவாகத் தந்தை மகனுக்கு இட்டது. ரடமெல் பல்காவோ கார்சியா என்பது முழுப்பெயர். தந்தையும் தொழின்முறை ஆட்டக்காரர். ஆனால் அவர் பின்களத்தில் நின்று கோலைத் தடுத்தவர்.

மகன் பிறந்தது 1986 பெப்ரவரி 10ஆம் நாள், சாந்தா மார்த்தா என்னும் துறைமுகப் பட்டினத்தில். 1525இல் ஸ்பானியர் நிறுவிய அவ்வூர் கரிபியக் கடலோரத்தில் உள்ளது. அங்கே பெஸ்காயித்தோ என்றொரு பகுதி உண்டு. சிறுமீன் என்று பொருள்படும் பெயர். மீனவர் குடியிருப்பாய்த் தொடங்கிய அப்பகுதியிற் பிறந்தவரே கொலம்பியாவின் முன்னைய அணித்தலைவர் கார்லோஸ் வல்டெராமா. அக்கரையோரமாகக் கிழக்கே சென்றால் ரியோவாச்சா. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அங்கு முத்துக் குளிப்பித்தனர். நம் முத்துச் சிலாபத்தின் கதையை அறிந்தோர்க்கு, அந்தத் தொலைதேசம் அத்துணைத் தொலைவாய்த் தோன்றாது.

பல்காவோ 13 வயதிலேயே, 1999 ஆகஸ்டில், கொலம்பியாவின் இரண்டாந்தரத் தொழின்முறைப் போட்டியில் லான்செரோஸ் போயக்கா கழகத்துக்காகக் களமிறங்கினார். நம் பிள்ளைகள் எட்டாம் வகுப்புப் படிக்கும் வயது அது! 2001இல் ஆர்ஜென்டீனா சென்று ரிவர் பிளேட் கழகத்தின் இளையோர் அணியிற் சேர்ந்தார். 2005இல் முதலணியில் இடம் கிடைத்தது, கோல்களும் வந்தன. அவ்வாண்டின் இறுதியிலேயே முழங்கால் முதன்முறை பழுதுற்றது. தேறி வருமுன் மீண்டும் பழுதுற்றது. 2006ஆம் ஆண்டின் பெரும்பகுதி ஆட்டமின்றியே கழிந்தது. அவர் இதழியல் பயின்றதும் புவனஸ் அயர்ஸ் நகரில் வாழ்ந்த அந்த ஆண்டுகளிலேதான். இதை அறிந்தபோது, அம்மாணவனின் தாயாரிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றிற்று.

2009இல் போர்த்துக்கல்லின் போர்ட்டோ கழகம் அவரை வாங்கியது. 2010-11 பருவத்து ஐரோப்பா லீக் போட்டியில் அவர் அடித்தவை 17 கோல்கள். ஜேர்மனியின் கிளின்ஸ்மன் முன்பு அடித்திருந்த 15ஐ அது கடந்தது. டப்ளின் நகரில் நடந்த இறுதியாட்டத்தில் விழுந்ததே ஒரு கோல். அதுவும் இவர் தலையால் முட்டியது. அடுத்து ஏறத்தாழ 4 கோடி யூரோ விலைக்கு ஸ்பெயினின் அத்லெட்டிக்கோ மட்ரிட் சென்றார். 2012 மே மாதம், புக்காரெஸ்ட் நகரில் அதே கிண்ணத்தின் இறுதியாட்டத்தில் இரு கோல்கள். ஆகஸ்ட் இறுதியில் செல்சிக்கு எதிராக முதற்பாதியிலேயே மூன்று. இவற்றையெல்லாம் மாணவன் காட்டக் கண்டேன். அவருடைய கோல்களிற் பல, பந்து வருமுன்னரே அது வரும் இடத்தை அவர் அறிந்து நகர்ந்ததால் விளைந்தவை. காவலர் இருவர் பந்தைப் பார்த்து நிற்பர். இவரோ வெற்றிடத்தைப் பார்த்து நிற்பார்.

2013இல் மொனாக்கோ கழகம் ஏறத்தாழ 6 கோடி யூரோ கொடுத்து அவரைப் பெற்றது. அவ்வாண்டு ஒக்டோபர் 11ஆம் நாள் பரங்கில்லா நகரில் நிகழ்ந்ததை மாத்திரம் சற்றே விரித்துரைக்க விரும்புகின்றேன். கொலம்பியா 1998இன் பின் உலகக் கிண்ணத்தில் ஆடியதில்லை. பிரேசிலில் நடைபெறவிருந்த 2014 போட்டிக்குத் தகுதிபெற அன்று ஒரு சமநிலை போதும். எதிரே சிலி. இடைவேளையின்போது கொலம்பியா 0-3 எனப் பின்னின்றது. 69ஆம் நிமிடத்தில் குத்தியெரெஸ் ஒரு கோலை மீட்டார். பின் இரு தண்டனை உதைகள் கிடைத்தன. இரண்டையும் உதைத்தவர் பல்காவோ. 75ஆம் நிமிடத்தில் ஒன்று, 84ஆம் நிமிடத்தில் மற்றொன்று. ஆட்டம் 3-3. நாடு உலகக் கிண்ணத்துட் புகுந்தது. அத்தகுதிச் சுற்றில் அவர் அடித்தவை 9 கோல்கள்.

மூன்று மாதம் கழிந்தது. 2014 ஜனவரி 22. பிரெஞ்சுக் கிண்ணத்தில் ஒரு சிறு கழகத்தோடு ஆட்டம். பல்காவோ கோலும் அடித்தார். சற்று நேரத்தில் எதிரணிப் பின்களத்தவர் ஒருவரின் கால் இவரது இடக்காலின் மீது விழுந்தது. முழங்காலின் நார் அறுந்தது. போர்ட்டோவில் அறுவைச் சிகிச்சை. நாட்டின் அதிபரே நேரிற் சென்று நலம் வினவினார். தடுத்தாடிய அந்த எதிரணி வீரர் வருந்தி மன்னிப்புக் கோரியும், அவருக்குக் கொலை மிரட்டல்கள் குவிந்தன. ஆட்டத்தின்மீது அன்பு என்று மக்கள் சொல்வதில் எவ்வளவு நஞ்சு கலந்திருக்கின்றது!

ஆறு மாதத்துக்குள் எழுந்துவிட வேண்டுமென்று பல்காவோ பாடுபட்டார். பயிற்றுநர் பெக்கர்மனும் இறுதிவரை காத்திருந்தார். முதலில் அறிவித்த 30 பேரில் அவர் பெயரும் இருந்தது. ஜூன் 2ஆம் நாள் 23 பேராகச் சுருக்கியபோது அது இல்லை. அவரில்லாத அணி கிரீசை வென்றது. ஐவரி கோஸ்டை வென்றது. யப்பானை, உருகுவேயை வென்றது. கால் இறுதியிலேதான் பிரேசிலிடம் தோற்றது. ஹாமெஸ் ரொட்ரிகஸ் 6 கோல்களோடு அப்போட்டியில் முதலிடம் பெற்றார். தான் திறந்த வாயிலின் புறத்தே நின்று, உள்ளே நடக்கும் விழாவைப் பார்ப்பவனுக்கு மகிழ்ச்சி எத்துணை, துயரம் எத்துணை என்று அளந்து சொல்ல என்னால் இயலாது.

அதற்குப் பின் வந்தவை இன்னும் கடியன. மான்செஸ்டர் யுனைட்டெட் அவரை ஓராண்டுக்கு இரவல் பெற்றது. லீக் ஆட்டங்களில் அடித்தவை நான்கே கோல்கள். 2015 மார்ச்சில் 21 வயதுக்குட்பட்டோர் அணியோடு அவரை ஆடவிட்டனர். அப்போது அவருக்கு வயது 29. மறு ஆண்டு செல்சி. அங்கே ஒரு கோல், ஒன்றே ஒன்று. முழங்கால் ஆறியிருந்தது, ஆனால் வெற்றிடத்தை நோக்கி எடுக்கும் அந்த முதலடி திரும்பவில்லை. பத்திரிகைகள் அவர் ஆட்டம் முடிந்ததென்றே எழுதின.

2016இல் மொனாக்கோவுக்கு மீண்டார். அணித்தலைவராக்கினர். அருகில் எம்பாப்பே என்னும் பதினெட்டு வயதுப் பிள்ளை ஓடினான். அப்பருவத்தில் மொனாக்கோ லீக்கில் 107 கோல்கள் அடித்து, 2000ஆம் ஆண்டின் பின் முதன்முறையாகப் பிரான்சின் வெற்றிப் பட்டம் சூடியது. 21 கோல்கள் பல்காவோவினுடையவை. வேகம் குறைந்திருந்ததை மாணவனே ஒப்புக்கொண்டான். "ஆனால் நிற்கிற இடம் பாருங்கோ ஐயா" என்றான்.

2018 ஜூன் 24, உருசியாவின் கசான் நகரம். உலகக் கிண்ணத்தில் போலந்துக்கு எதிரான ஆட்டம். 70ஆம் நிமிடத்தில் குயின்தெரோ நீட்டிய பந்தை, ஓடியவாறே வலக்காலின் புறப்பக்கத்தால் தட்டிக் கோலினுள் இட்டார். உலகக் கிண்ணத்தில் அவருடைய முதற்கோல் அதுவே; அப்போது வயது 32. அதன்பின் இங்கிலாந்துடனான ஆட்டம் தண்டனை உதைகள்வரை சென்றது. தம் உதையைப் பல்காவோ கோலாக்கினார்; அணி தோற்றது.

துருக்கி, மீண்டும் ஸ்பெயின் என்று சென்றவர், 2024இல், 38ஆம் வயதில், இளமையிற் பயின்ற பொகொட்டாவின் மில்யோனாரியோஸ் கழகத்துக்குத் திரும்பினார். தாய்நாட்டின் முதற்றர லீக்கில் அவர் அதுவரை ஆடியதே இல்லை! நாட்டுக்காக அடித்த 36 கோல்கள் கொலம்பியர் எவரும் எட்டாத எண்ணிக்கை.

அம்மாணவன் இப்போது கடற்கரை மணலில் மெல்ல ஓடுகின்றான். மோதி ஆடுவதற்கு மருத்துவர் இன்னும் இசைவு தரவில்லை. தவணைத் தேர்வில் புணர்ச்சி விதிகளுக்கு அரைகுறையாகவே விடை எழுதினான். குறிப்பேட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, பின்னட்டைப் படத்தின் கீழே அவன் பெயர் எழுதியிருந்ததைக் கண்டேன். ஆய்தம் இட்டே எழுதியிருந்தான். சிவப்பு மைப் பேனா கையிலே இருந்தது, திருத்தவில்லை.