கப்பல் அவர்களுடையது, கடன் நம்முடையது

உளுந்து மூட்டை இறங்கும்போது "பர்மாவா, நாட்டு உளுந்தா?" என்று கேட்பது நம் எல்லோருக்கும் பழக்கம். அந்நாட்டின் பெயர் 1989இல் மியான்மர் என்று மாறிவிட்டது. மண்டியில் மட்டும் இன்றும் பர்மாதான். நம் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் அந்தச் சொல்லுக்குச் சரக்குக்கு மேற்பட்ட பொருளும் உண்டு. வளவில் நிற்கும் தேக்குத் தூண் பர்மா. பாட்டனார் காலத்தில் போய்த் திரும்பி வராத முதலும் பர்மா. கடல் வாணிகம் எப்படி வளர்ந்தது, அதில் நம் ஊரார் எந்த இடத்தில் நின்றார்கள், எங்கே அடி விழுந்தது என்பதை நம் வணிக நண்பர்கள், முக்கியமாகக் கல்லாவில் புதிதாக உட்காரும் பிள்ளைகள், அறிந்துகொள்வது நல்லது.

வாஸ்கோ ட காமா இந்தியாவுக்குக் கடல்வழி கண்டுபிடித்தார் என்று பள்ளியில் படித்தோம். ஐரோப்பாவிலிருந்து இங்கே வரும் வழியைத்தான் அவர் கண்டார். அரபியர், குஜராத்திகள், தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லோரும் அதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே பருவக்காற்றைக் கணக்குப் பார்த்து இந்தக் கடலில் சரக்கு ஏற்றியவர்கள். 1498இல் காமாவே கிழக்கு ஆப்பிரிக்காவின் மலிந்தித் துறைமுகத்தில் வழி தெரிந்த மாலுமி ஒருவரை ஏற்றிக்கொண்டுதான் கோழிக்கோட்டுக் கரைக்கு வந்தார். சாமூதிரி அரசருக்கு அவர் கொண்டுவந்த காணிக்கை துணி, தொப்பி, சர்க்கரை, எண்ணெய், தேன். அதைப் பார்த்து அரண்மனை ஆட்கள் சிரித்தார்களாம். மிளகு வாங்க வந்தவரிடம் மிளகுக்கு ஈடாகக் கொடுக்கத் தக்க சரக்கு இல்லை. நம் மண்டிக்கு அப்படி ஒருவர் வந்தால் என்ன சொல்லி அனுப்புவோம்?

சரக்கு இல்லாதவர்கள் பீரங்கியைக் கொண்டுவந்தார்கள். போர்த்துகீசியர் கோவாவை 1510இலும் மலாக்காவை 1511இலும் பிடித்தார்கள். பிறகு இந்தக் கடலில் ஓடும் நம்மவர் கப்பல்கள் அவர்களிடம் பணம் கட்டி 'கர்த்தாஸ்' என்ற அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்றார்கள். சீட்டு இல்லாத கப்பலையும் சரக்கையும் பறிமுதல் செய்தார்கள். கடலுக்குச் சுங்கச்சாவடி போட்ட கதை இது.

அடுத்து வந்தவர்கள் கம்பெனிக்காரர்கள். ஆங்கிலக் கம்பெனி 1600இலும் டச்சுக் கம்பெனி 1602இலும் தோன்றின. பலரிடம் பங்குப்பணம் திரட்டி, ஒரு கப்பல் மூழ்கினாலும் ஒருவரே அழிந்துபோகாதபடி நட்டத்தைப் பகிர்ந்துகொண்டது அவர்கள் கெட்டிக்காரத்தனம். டச்சுக்காரர்களுக்கு மலுக்குத் தீவுகளின் கிராம்பும் ஜாதிக்காயும் வேண்டும். அந்தத் தீவுக்காரர்களுக்கோ நம் சோழமண்டலக் கரையின் துணி வேண்டும். ஆகவே பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் துணி வாங்கி, அங்கே கொடுத்துக் கிராம்பு வாங்கினார்கள்.

இதே கப்பல்கள்தாம் நம் கடை அலமாரியையும் மாற்றின. மிளகாய், நிலக்கடலை, முந்திரி, உருளைக்கிழங்கு, தக்காளி, புகையிலை எல்லாம் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. 1492இல் கொலம்பஸ் அங்கே போன பிறகுதான் இவை வெளி உலகுக்கு வந்தன. செட்டிநாட்டுச் சமையல் என்றால் உறைப்பு என்கிறார்களே, அந்த உறைப்பில் பாதிக்கு மேல் கப்பலில் வந்தது.

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம். நகரத்தார் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டிய நாட்டுக்கு வந்து குடியேறியவர்கள் என்பது மரபு. 17ஆம் நூற்றாண்டில் அவர்களில் சிலர் பழனிக்கு உப்பு கொண்டுபோய் விற்ற செய்தி பழைய ஆவணங்களில் இருக்கிறது. உப்பு, நெல், துணி என்று உள்நாட்டில் திரிந்தவர்கள் 19ஆம் நூற்றாண்டில் இலங்கை, பினாங்கு, சிங்கப்பூர், பர்மா என்று கடல் கடந்தார்கள். கப்பல் வாங்கவில்லை. வெள்ளைக்காரர் கப்பலில் பயணச்சீட்டு எடுத்துப் போய், அக்கரையில் பெட்டியடி போட்டு லேவாதேவி நடத்தினார்கள்.

பர்மா பெரிதானதற்குக் காரணம் நெல். கீழ்ப் பர்மாவை ஆங்கிலேயர் 1852இல் எடுத்துக்கொண்டார்கள். அப்போது ஐராவதி ஆற்றுப் படுகை பெரும்பகுதி காடும் சதுப்புமாகக் கிடந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஆப்பிரிக்காவைச் சுற்ற வேண்டிய தேவை போயிற்று. நீராவிக் கப்பலில் ரங்கூன் அரிசி ஐரோப்பாவுக்குச் சுருக்கமாகப் போய்ச் சேர்ந்தது. 1850களில் பத்து லட்சம் ஏக்கருக்கும் குறைவாக இருந்த நெல் சாகுபடி 1930களில் எண்பது லட்சத்தைத் தாண்டியது. ஆண்டுக்குச் சுமார் முப்பது லட்சம் டன் அரிசி வெளியே போனது.

காடு வெட்டவும், மாடு வாங்கவும், அறுவடை வரை சாப்பிடவும் குடியானவனுக்குப் பணம் வேண்டும். வெள்ளைக்கார பாங்குகள் அவனுக்குக் கொடுக்காது. ஊரும் தெரியாது, மொழியும் தெரியாது. அந்த இடத்தில் நம்மவர்கள் நின்றார்கள். ரங்கூனில் ஒரு பெரிய மார்க்கா, உள்ளூர்களில் கிளைகள், ஊரில் முதலாளி, அங்கே மூன்று வருஷக் கணக்குக்குப் போன ஏஜெண்டு, அவருக்குக் கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன். ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டி பேசி முடிப்பார்கள். உண்டியல் எழுதினால் ரங்கூனில் கட்டிய பணத்தைச் சென்னையில் வாங்கலாம். பாங்கு விசாரணைக் குழு 1930இல் எடுத்த கணக்குப்படி பர்மாவில் நகரத்தார் கடைகள் சுமார் 1,650. போட்டிருந்த முதல் சுமார் 75 கோடி ரூபாய். அன்றைய 75 கோடி!

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏற்றுமதியும் பெரிய ஆலைகளும் பெரும்பாலும் ஐரோப்பியக் கம்பெனிகள் கையில். கப்பலும் அவர்களுடையது. விலையை உலகச் சந்தை முடிவு செய்தது. கடன் மட்டும் நம்முடையது. அந்தக் கடன் முழுவதும் நெல் என்ற ஒரே சரக்கின் மேல் நின்றது. கணக்கு எழுதுவதில் நம்மவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் எத்தனை பேரேடு இருந்தாலும் எல்லாவற்றின் அடியிலும் ஒரே நெல்தான்.

1930இல் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. சில ஆண்டுகளில் நெல் விலை பாதிக்கும் கீழே இறங்கியது. குடியானவனால் அசலும் கட்ட முடியவில்லை, வட்டியும் கட்ட முடியவில்லை. ஈட்டு நிலம் கடைக்கு வந்தது. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் நகரத்தார் கையில் இருந்த நிலம் 1930இல் 6 சதவீதம். 1937இல் 25 சதவீதம், ஏறத்தாழ 25 லட்சம் ஏக்கர். வெளியிலிருந்து பார்த்தவர்கள் செட்டியார்கள் நிலத்தை வளைத்துவிட்டார்கள் என்றார்கள். நம் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்: புரள வேண்டிய பணம் நிலமாக உறைந்து கிடந்தால் அதற்கு லாபம் என்று பெயர் இல்லை. விற்கலாம் என்றால் வாங்க ஆளில்லை. அதே சமயம், தான் காடு திருத்திய நிலத்தில் குத்தகைக்காரனாக நின்ற பர்மியனின் கோபத்தையும் நாம் தவறு என்று சொல்லிவிட முடியாது. அவனுக்குக் கண்ணெதிரே தெரிந்தது இலண்டன் சந்தை அல்ல, நம் பெட்டியடிதான்.

1937 ஏப்ரலில் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் ஒரே நாளில் திறந்தார். அன்னியச் செலாவணி வணிகத்தில் நமக்கும் ஒரு கை வேண்டும் என்ற எண்ணம். காலம் கடந்து வந்த நல்ல யோசனை என்றே நமக்குத் தோன்றுகிறது. 1942இல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள். கிடைக்காத லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டு வழியாக நடந்தார்கள், வழியில் மாண்டவர்கள் பல ஆயிரம். 1948இல் சுதந்திர பர்மா நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. நட்டஈட்டுப் பேச்சு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 1964இல் கடைகளும் தேசியமயமாயின. அப்போது கப்பலேறி வந்தவர்கள் பிழைக்கப் போட்ட கடைகளே சென்னை பர்மா பஜார்.

இன்று கணக்கு தலைகீழாக இருக்கிறது. நெல்லுக்குப் பதில் உளுந்தும் துவரையும் அங்கிருந்து இங்கே வருகின்றன. பர்மா உளுந்துக்குப் பெரிய சந்தை இந்தியாதான். 2017 ஆகஸ்டில் இந்திய அரசு உளுந்து, துவரை, பாசிப்பயறு இறக்குமதிக்கு அளவுக் கட்டுப்பாடு விதித்தது. இங்கே விளைச்சல் கூடி விலை விழுந்திருந்ததால் நம் விவசாயிக்கு அது தேவைப்பட்ட நடவடிக்கைதான். ஆனால் அங்கே ஒரே சந்தையை நம்பி விதைத்திருந்தவர்களுக்கு விலை சரிந்தது. 2021 மே மாதத்தில் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. ஐராவதிக் கரையில் இருக்கும் ஒரு விவசாயியின் விதைக் கடன் அடைபடுமா என்பது இப்போது டெல்லி அறிவிப்பையும் நம் மண்டிகளின் கொள்முதலையும் பொறுத்து நிற்கிறது.