கடைசிப் பெட்டியில் யார்?

ரயிலின் கடைசிப் பெட்டியிலிருந்து பச்சைக் கொடி காட்டுபவரை நாம் 'கார்டு' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். 2022 ஜனவரியில் இந்திய ரயில்வே அவரது பதவிப் பெயரை 'ட்ரெயின் மேனேஜர்' என்று மாற்றியது. சென்னையின் புறநகர் மின்சார ரயிலில் அவர் இருக்கிறார். அதே ஊரின் மெட்ரோ ரயிலில் இல்லை. இரண்டில் எது பாதுகாப்பானது? கார்டின் வேலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால்தான் இதற்கு விடை தெரியும்.

முதல் வேலை, பிரேக். ரயில்கள் தோன்றிய காலத்தில் எல்லாப் பெட்டிகளையும் பிடித்து நிறுத்தும் பிரேக் ஓட்டுநரிடம் இல்லை. பின்னால் இருந்த கார்டு கையால் சக்கரத்தைத் திருகிப் பிரேக் போட்டார். அது போதாது என்பதை 1889 ஜூன் 12 காட்டியது. அயர்லாந்தின் ஆர்மா நகருக்கு அருகே, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துச் சென்ற ரயில் ஏற்றத்தில் நின்றுபோனது. பாரத்தைக் குறைக்கப் பின்பக்கப் பெட்டிகளைக் கழற்றினார்கள். கார்டின் கை பிரேக்கும் சக்கரத்துக்கு அடியில் வைத்த கற்களும்தான் அவற்றைத் தாங்கின. முன்பகுதி சற்றே பின்வாங்கி இடித்ததும், பெட்டிகள் சரிவில் உருண்டு பின்னால் வந்த ரயிலில் மோதின. ஏறத்தாழ 80 பேர் இறந்தார்கள்; அவர்களில் பலர் குழந்தைகள்.

பயணிகள் ரயிலுக்குத் தானியங்கித் தொடர் பிரேக்கைக் கட்டாயமாக்கும் சட்டம் அதே ஆண்டு பிரிட்டனில் வந்தது. இதன் சூட்சுமம் எளிது. ரயில் நெடுகிலும் ஒரு குழாய் ஓடுகிறது. அதிலுள்ள காற்றழுத்தம்தான் பிரேக்கை விடுவித்து வைத்திருக்கிறது. பெட்டி கழன்று குழாய் அறுந்தால் அழுத்தம் இறங்கும். பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். நம் ரயில்களில் இந்த அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ. புறப்படும் முன் ஓட்டுநர் முன்னால் அழுத்தத்தைக் குறைக்க, பின்னால் அளவுமானியின் முள்ளும் இறங்குகிறதா என்று கார்டு பார்க்கிறார். இன்று ரயிலைப் பிடித்து நிறுத்துவது காற்று. அதற்குச் சாட்சி கார்டு.

இரண்டாவது வேலை, கதவும் நடைமேடையும். புறநகர் ரயிலில் கார்டு எட்டிப் பார்த்து இரண்டு மணி அடித்த பிறகே ஓட்டுநரான மோட்டார்மேன் வண்டியை எடுப்பார். மெட்ரோவில் கதவுகள் மூடிப் பூட்டிக்கொண்டால்தான் வண்டி நகரும்; சுரங்க நிலையங்களில் நடைமேடை ஓரத்திலும் தடுப்புக் கதவுகள் உண்டு. மனிதக் கண்ணும் தவறும். 2011 அக்டோபரில் லிவர்பூலின் ஜேம்ஸ் ஸ்ட்ரீட் நிலையத்தில், பெட்டியில் சாய்ந்து நின்ற 16 வயதுப் பெண் விலகுவதற்குள் கார்டு புறப்பாட்டுச் சைகை கொடுத்துவிட்டார். அவள் இடைவெளியில் விழுந்து இறந்தாள். கார்டுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. நல்ல பொறியமைப்பு இந்த வேலையை ஏற்கலாம் என்றே நான் நம்புகிறேன்.

மூன்றாவது வேலை, நடுவழியில் நின்றுபோன ரயிலைக் காப்பது. அகலப்பாதையில் கார்டு, நின்ற ரயிலிலிருந்து 600 மீட்டரில் ஒன்று, 1,200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று என டெட்டனேட்டர்களைத் தண்டவாளத்தில் கட்ட வேண்டும். சக்கரம் ஏறியதும் அவை வெடிக்கும். நெருங்கி வரும் ரயிலின் ஓட்டுநர் சத்தம் கேட்டு நிறுத்துவார். இந்த எச்சரிக்கையை இன்று ரேடியோ நொடியில் சேர்த்துவிடும்.

ஆனால் ரயிலுக்குள் இருப்பவர்களை யார் பார்த்துக்கொள்வது? லண்டனிலிருந்து பெட்ஃபோர்டு செல்லும் பாதையில் 1983 முதலே ஓட்டுநர் மட்டும் உள்ள ரயில்கள் ஓடுகின்றன. 2011 மே 26 அன்று அப்படி ஒரு ரயில் கென்டிஷ் டவுன் அருகே பழுதாகி ஏறத்தாழ மூன்று மணி நேரம் நின்றது. பொறுமையிழந்த பயணிகள் தாங்களே கதவைத் திறந்து தண்டவாளத்தில் இறங்கினார்கள். பிறகு கதவுகள் திறந்திருக்கும்போதே ரயில் சிறிது தூரம் நகர்ந்தது. பழுதையும் கட்டுப்பாட்டு அறையையும் கவனித்துக்கொண்டே, நெரிசலில் தவிக்கும் அத்தனை பேருக்கும் ஆறுதல் சொல்ல ஒரே ஓட்டுநரால் எப்படி முடியும்?

குழாய் பிரேக்கை வாங்கிக்கொண்டது. பூட்டும் கேமராவும் கதவை வாங்கிக்கொள்ளலாம். இருட்டில் நின்ற பெட்டியில் ஒரு முதியவரின் கையைப் பிடித்து இறக்கிவிட மனிதர்தான் வேண்டும். அவர் ரயிலிலேயே இருக்கலாம், அல்லது விரைந்து வந்து சேரலாம். அந்த மூன்று மணி நேரத்துக்கு யார் பொறுப்பு என்பதை எழுதிவைக்காமல் கடைசிப் பெட்டியைக் காலி செய்யக் கூடாது.