ஈஸ்டர் ஸ்பெஷல் கேக் பாப்ஸ்: குச்சியில் இருந்து கழன்று விழாமல் செய்வது எப்படி?

குச்சியில் செருகிய கேக் உருண்டைதான் கேக் பாப்ஸ். ஓவன்கூட வேண்டாம், கடையில் வாங்கிய பிளெயின் கேக் போதும். ஆனா பலரும் சொதப்புவது ஒரே இடத்தில்தான். சாக்லேட்டில் முக்கி எடுத்ததும் உருண்டை கழன்று பாத்திரத்துக்குள்ளேயே விழுந்துடும்.

பெரும்பாலும் காரணம், கிரீம் அதிகமாவது. 250 கிராம் கேக்கை உதிர்த்து, 2 டேபிள்ஸ்பூன் பட்டர் கிரீமில் தொடங்குங்க. பிடித்தால் உருண்டை நிற்கணும், அவ்வளவுதான். ஈஸ்டர் முட்டை வடிவில் உருட்டி அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்க. ஃப்ரீசர் வேண்டாம், ரொம்ப சில்லுன்னு இருந்தா மேலே பூசிய சாக்லேட் விரிசல் விடும்.

குச்சி நுனியை உருகிய சாக்லேட்டில் தொட்டு, பாதி ஆழம் செருகுங்க. அது இறுகிய பிறகே முழுசா முக்கணும். சாக்லேட்டில் ஒரு சொட்டு தண்ணீர் பட்டாலும் கட்டி தட்டிடும், ஜாக்கிரதை! கலர் ஸ்பிரிங்கிள்ஸை ஈரம் காய்வதற்குள் தூவிடுங்க.