கோடம்பாக்கத்துக்குப் பக்கத்து ஸ்டேஷனில் ஒரு நிஜ நட்சத்திர மனிதர்!

கோடம்பாக்கம் என்றதும் சினிமா நட்சத்திரங்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். ஆனால், அடுத்த ஸ்டேஷனான நுங்கம்பாக்கத்தில் நிஜ நட்சத்திரத்தையே கண்டுபிடித்த ஒருவர் வேலை பார்த்தார், தெரியுமா?

அவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1792-ல் அங்கே கட்டப்பட்ட மெட்ராஸ் வானியல் ஆய்வகத்தின் உதவியாளர். ஒளி கூடிக் குறையும் 'ஆர் ரெட்டிகுலி' நட்சத்திரத்தை 1867-ல் கண்டறிந்தார்.

அதோடு நிற்கவில்லை. 1874 டிசம்பர் 9-ல் சூரியனை வெள்ளி கடக்கப்போவதைப் பற்றி, தமிழ் உள்ளிட்ட மொழிகளில் முன்கூட்டியே சிறுநூல் வெளியிட்டார். பஞ்சாங்கக் கணக்கு வானத்தோடு ஒத்துப்போகாவிட்டால் திருத்த வேண்டும் என்றும் வாதாடினார்.

அந்த ஆய்வகம் இன்று இல்லை. நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் அதன் கருங்கல் தூண், தமிழ்க் கல்வெட்டோடு நிற்கிறது.

வெள்ளி அடுத்து சூரியனைக் கடப்பது 2117-ல்தான். அதுவரை காத்திருக்க வேண்டாம். இன்றிரவே மொட்டைமாடிக்குப் போய், பிள்ளைகளுக்குத் தமிழில் வானத்தைக் காட்டுங்கள்!