பாய் விரித்த பாதை – 14: சேறு முடிவு செய்த நகரம்

ஓர்க்காக்களுக்குப் பயந்து கரையை உரசிக்கொண்டே காதிஸ் வந்து சேர்ந்ததைப் போன வாரம் சொல்லியிருந்தேன். அங்கிருந்து வடக்கே சிப்பியோனா அரை நாள் ஓட்டம்தான். ஸ்பெயினிலேயே மிக உயரமான கலங்கரை விளக்கம் இந்தச் சின்ன ஊரில்தான் இருக்கிறது. 1867இல் ஏற்றிய விளக்கு. அதன் பக்கத்துப் படகுத்துறையில் கட்டிக் கிடந்த பாய்மரப் படகுகளில் பாதி, எங்களைப் போலவே செவியாவுக்குப் போகக் காத்திருந்தவை. டீசல் போடும் இடத்தில், ரொட்டிக் கடையில், குளியலறை வாசலில், எங்கே போனாலும் ஒரே பேச்சு: நாளைக்கு வற்றம் எத்தனை மணிக்கு?

செவியா கடலோர ஊர் அல்ல. குவாதல்கிவீர் ஆற்றில் சுமார் 90 கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும். ஆனாலும் அது துறைமுகம். கடல் கப்பல்கள் வந்துபோகும் ஸ்பெயினின் ஒரே உள்நாட்டுத் துறைமுகம். எங்களுடையது போன்ற சின்ன எஞ்சினை நம்பி ஆற்றோட்டத்தை எதிர்த்துப் போனால் டீசல்தான் தீரும். கடல்தான் நம்மைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வற்றம் முடிந்து ஓதம் ஏறத் தொடங்கும் நேரத்தில் முகத்துவாரத்துக்குள் நுழைந்துவிட்டால், ஏறும் தண்ணீர் படகையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போகும். ஓதம் ஆற்றில் மேலே ஏற ஏற நாமும் அதன் கூடவே போகிறோம் அல்லவா? அதனால் கரையில் நிற்பவனுக்கு ஆறு மணி நேரத்தில் முடியும் ஏற்றம், நமக்கு அதற்கு மேலும் நீளும். திரும்பி வரும்போது இந்தச் சலுகை கிடையாது. இறங்கும் படகை அடுத்த ஏற்றம் பாதி வழியிலேயே மறித்துவிடும்.

முகத்துவாரத்து மணல்

விடியும் முன் கிளம்பினோம். நான் சுக்கானில், என் கணவர் தூரதிருஷ்டிக் கண்ணாடியோடு முகப்பில். கப்பல்களுக்காகத் தூர்வாரிய வழியின் இரண்டு பக்கமும் சிவப்பு, பச்சை மிதவைகள். சான்லூகர் ஊருக்கு வெளியே எதிரில் ஒரு சரக்குக் கப்பல் வந்தது. அதற்கு வழிவிட மிதவை வரிசைக்கு வெளியே கொஞ்சம் ஒதுங்கினேன்.

"எவ்வளவும்மா காட்டுது?"

"எட்டு... ஆறரை... நாலு... மூணே கால்..."

"போதும் போதும், உள்ளே திரும்பு!"

எங்கள் படகுக்கு 1.8 மீட்டர் தண்ணீர் வேண்டும். ஆழமானியில் எண்கள் அத்தனை வேகமாகக் குறைந்ததைப் பார்த்த பிறகுதான், சான்லூகர் மணல்திட்டை அந்தக் காலத்து மாலுமிகள் ஏன் அப்படிச் சபித்தார்கள் என்று புரிந்தது. பெருங்கடலைக் கடந்து அமெரிக்காவிலிருந்து வெள்ளியோடு வந்த கப்பல்கள், வீட்டு வாசலுக்கே வந்துவிட்டோம் என்ற நிலையில் இந்த மணலில் தட்டி உடைந்திருக்கின்றன. இதைத் தாண்ட உள்ளூர் வழிகாட்டி மாலுமி வேண்டும், நல்ல காற்று வேண்டும், ஏறும் ஓதமும் வேண்டும். மூன்றும் ஒன்றாக அமையும்வரை வெளியே நங்கூரம் போட்டுக் கிடக்க வேண்டியதுதான்.

மகெல்லன் 1519 ஆகஸ்டில் ஐந்து கப்பல்களோடு செவியாவை விட்டுக் கிளம்பினான். சான்லூகரிலிருந்து கடலில் இறங்கியது செப்டம்பர் 20. சுமார் 240 பேர் போனார்கள். உலகைச் சுற்றிவிட்டு 1522 செப்டம்பர் 6 அன்று இதே முகத்துவாரத்துக்குத் திரும்பியது விக்தோரியா என்ற ஒரே கப்பல். அதில் இருந்தவர்கள் எல்கானோவின் தலைமையில் 18 பேர். மகெல்லன் பிலிப்பைன்ஸிலேயே கொல்லப்பட்டிருந்தான். ஒழுகிக்கொண்டிருந்த அந்தக் கப்பல் இரண்டு நாளில் செவியா சேர்ந்தது. மறுநாள் பிழைத்து வந்தவர்கள் வெறுங்காலோடு, கையில் மெழுகுவர்த்தி ஏந்தி, தேவாலயங்களுக்கு நேர்த்திக்கடன் செலுத்த நடந்தார்கள். கப்பலின் வயிற்றில் இருந்தது மொலுக்கஸ் தீவுக் கிராம்பு. அதை விற்ற பணமே பயணச் செலவை ஏறக்குறைய ஈடுகட்டிவிட்டது.

வயலும் ஜப்பான்காரர்களும்

மணல்திட்டைத் தாண்டியதும் ஆறு சாதுவாகிவிடுகிறது. எங்களுக்கு இடப்பக்கக் கரையில் தோஞானா தேசியப் பூங்கா: பைன் காடு, மணல்மேடு, சதுப்பு நிலம். வலசைப் பறவைகளுக்கு ஐரோப்பாவில் உள்ள முக்கியமான தங்குமிடங்களில் ஒன்று. இன்னும் மேலே போனால் கண்ணுக்கெட்டிய வரை நெல் வயல். ஸ்பெயினில் அதிக நெல் விளைவது பாயேயா சோற்றுக்குப் பேர்போன வலென்சியாவில் அல்ல, இந்தச் செவியா மாகாணத்தில். 1974இல் அமெரிக்காவின் லூயிசியானாவிலிருந்து ஒரு சிவப்பு நன்னீர்ச் சிங்கி இறால் வகையைக் கொண்டுவந்து இந்தச் சதுப்பில் விட்டார்கள். அது வரப்பைத் துளைத்து விவசாயிகளைப் பாடாய்ப் படுத்தியது. பிறகு அதையே பிடித்து ஏற்றுமதி செய்யும் தொழில் இங்கே வளர்ந்துவிட்டது.

செவியாவுக்குச் சற்று முன்னால் கோரியா தெல் ரியோ. ஆற்றங்கரையில் கிமோனோவும் வாளுமாக ஒரு சாமுராய் சிலை நிற்கிறது. பெயர் ஹசெகுரா த்சுனெனாகா. செந்தாய் பகுதிப் பிரபு தாதே மசமுனே அனுப்பிய தூதர். 1613இல் ஜப்பானிலிருந்து கிளம்பி, பசிபிக்கைத் தாண்டி, மெக்சிகோவைத் தரைவழியே கடந்து, மறுபடி கப்பலேறி 1614இல் இங்கே வந்து இறங்கினார். ஸ்பெயின் மன்னரையும் போப்பாண்டவரையும் பார்த்துவிட்டு அவர் திரும்பிப் போனார். கூட வந்த சிலர் போகவில்லை. இன்று இந்த ஊரில் சில நூறு பேருக்குக் குடும்பப் பெயரே 'ஹபோன்', அதாவது ஜப்பான். தங்கிவிட்ட அந்தச் சிலரின் வழிவந்தவர்கள் நாங்கள் என்கிறார்கள். கடலில் இருந்து இவ்வளவு தள்ளியிருக்கும் ஒரு சிற்றூருக்குச் சாமுராய் வந்ததற்குக் காரணம், அன்று உலகத்தின் முக்கியமான கடல் வழிகளில் ஒன்று இந்த ஊரின் வாசல் வழியாகப் போனதுதான்.

ஓடாத ஆறு

செவியா எல்லையில் கப்பல் மதகு. உள்ளே விட்டு, பின்கதவை மூடி, தண்ணீர் மட்டத்தைச் சமன் செய்து, முன்கதவைத் திறக்கிறார்கள். அதற்கு அப்பால் ஓதம் கிடையாது. தெலீசியாஸ் தூக்குப் பாலம் குறித்த நேரத்தில் எழும்பி வழிவிட்டதும் ஊருக்குள்ளேயே படகைக் கட்டிவிட்டோம்.

சுற்றுலா அட்டைகளில் தோர்ரே தெல் ஓரோ கோபுரத்தின் கீழே பளபளக்கிறதே, அந்தத் தண்ணீர் ஓடும் ஆறு அல்ல. வெள்ளத்துக்குப் பயந்து உண்மையான ஆற்றை மேற்கே திருப்பிவிட்டு, பழைய படுகையை மூடிய துறையாக்கிவிட்டார்கள். பன்னிரண்டு பக்கம் கொண்ட அந்தக் கோபுரம் 1220 வாக்கில் அல்மொஹாத் ஆட்சியாளர்கள் கட்டியது. ஆற்று வழியே வரும் எதிரியைக் கண்காணிக்க. சற்று மேலே, எதிர்க்கரை த்ரியானாவுக்குப் போக 1171இல் படகுகளைச் சங்கிலியால் பிணைத்து ஒரு மிதவைப் பாலம் போட்டிருந்தார்கள். 1248இல் கிறிஸ்தவ மன்னர் மூன்றாம் பெர்னாந்தோ செவியாவை முற்றுகையிட்டபோது, வடக்கே திரட்டிய கப்பல்களோடு வந்த ரமோன் போனிஃபாஸ் அந்தப் பாலத்தை மோதி உடைத்தார். த்ரியானாவிலிருந்து வந்த உணவு நின்றது. அந்த நவம்பரில் நகரம் பணிந்தது. வடக்கே உள்ள சாந்தாந்தேர் நகரச் சின்னத்தில் இன்றும் அந்தக் கோபுரமும் கப்பலும் இருக்கின்றன. படகுப் பாலத்தை மீண்டும் கட்டி 1852 வரை பயன்படுத்தினார்கள் என்பது இன்னொரு ஆச்சரியம்.

வென்றவர்கள் மசூதியை இடித்துத் தேவாலயம் கட்டினாலும் மினாரை விட்டுவைத்தார்கள். அதுதான் ஹிரால்தா. மேலே ஏறப் படிக்கட்டு இல்லை, சாய்தளங்கள். பாங்கு சொல்பவர் குதிரையிலேயே ஏறிப் போகலாம் என்று அப்படி அமைத்ததாகச் சொல்கிறார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரில் எண் போட்டிருக்கிறார்கள். உச்சியிலிருந்து பார்த்தால் துறைமுகம், கோபுரம், கீழே ஓடு வேய்ந்த ஊர் எல்லாம் ஒரே பார்வையில் அடங்கிவிடுகின்றன. அமெரிக்க வணிகத்துக்கு இவ்வளவு உள்ளே இருக்கும் ஊரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

பாதுகாப்பு ஒரு காரணம். கடற்கொள்ளையர் யாரும் 90 கிலோமீட்டர் உள்ளே வந்து எளிதில் திரும்ப முடியாது. மறைக்க முடியாத ஒரே வாசல் என்பது இன்னொரு காரணம். 1503இல் இங்கே 'காஸா தே கொன்த்ராத்தாசியோன்' என்ற வணிக அலுவலகம் தொடங்கியது. அமெரிக்காவுக்குப் போகும் ஒவ்வொரு ஆளும், வரும் ஒவ்வொரு வெள்ளிக்கட்டியும் அதன் பேரேட்டில் பதிந்தாக வேண்டும். கடல் வரைபடங்களைத் திருத்தி வைத்ததும், மாலுமிகளுக்குத் தேர்வு நடத்தியதும் அதே அலுவலகம்தான். அதன் முதல் தலைமை மாலுமி, 1508இல் அமெரிகோ வெஸ்பூச்சி.

கொர்தோபா வரை

ஒரு நாள் படகைப் பூட்டிவிட்டு ரயிலேறினோம். அதிவேக ரயிலில் கொர்தோபா முக்கால் மணி நேரம். அங்கே மெஸ்கீத்தா என்னும் பழைய மசூதிக்குள் 856 தூண்கள். 780களில் முதலாம் அப்துர் ரஹ்மான் கட்டத் தொடங்கியபோது ரோமானிய, விசிகோத்தியக் கட்டடங்களின் பழைய தூண்களை எடுத்துப் பயன்படுத்தினார்கள். அவை குட்டை. கூரையை உயர்த்த ஒரு வளைவின் தலைமேல் இன்னொரு வளைவை ஏற்றிவிட்டார்கள். உலகமே படம்பிடிக்கும் அந்தச் சிவப்பு–வெள்ளை இரட்டை வளைவின் அழகு, தூண் எட்டாத குறையைச் சமாளித்ததில் பிறந்தது.

ஆனால் நாங்கள் அதிக நேரம் நின்றது வெளியே, ரோமானியப் பாலத்தில். கீழே அதே குவாதல்கிவீர். நாணல் திட்டும் கொக்குமாகக் கிடக்கிறது. ரோமானியர் காலத்தில் இந்த வட்டாரத்து ஆலிவ் எண்ணெய் தட்டையான படகுகளில் இங்கிருந்து கிளம்பி, செவியாவில் கடல் கப்பலுக்கு மாறி ரோமாபுரி போனது. அங்கே எண்ணெய் காலியானதும் உடைத்துப் போட்ட ஜாடிகள் ஒரு குன்றாகவே குவிந்தன. மோந்தே தெஸ்தாச்சோ என்ற அந்த ஓட்டுச்சில்லு மலையில் பெரும்பகுதி இந்த ஆற்றங்கரை மண்ணால் செய்தது. இன்று கொர்தோபாவுக்குப் படகு வராது.

செவியாவுக்கும் அதே விதி மெல்ல நெருங்கியது. ஆறு சேற்றைக் கொண்டுவந்துகொண்டே இருந்தது. கப்பல்களோ பெரிதாகிக்கொண்டே போயின. 17ஆம் நூற்றாண்டில் பெரிய கப்பல்கள் கீழே சரக்கை இறக்கிச் சின்னப் படகுகளில் அனுப்ப வேண்டியதாயிற்று. 1649 கொள்ளைநோய் ஊரின் மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேரைக் கொண்டுபோனது. கடைசியில் 1717இல் காஸாவையே காதிஸுக்கு மாற்றிவிட்டார்கள். போரில் தோற்று அல்ல, தண்ணீரின் ஆழம் போதாமல் பறிபோன பதவி அது. ஆற்றை இன்னும் ஆழப்படுத்தும் திட்டம் தோஞானாவின் சதுப்பைக் கெடுக்கும் என்ற வழக்கு நம் காலத்திலும் நீதிமன்றம் ஏறியிருக்கிறது. 

செவியா தேவாலயத்தின் பக்கத்தில் ஒரு பெரிய சதுரக் கட்டடம் இருக்கிறது. தேவாலய வாசலில் உட்கார்ந்து பேரம் பேசிய வியாபாரிகளைக் கிளப்பி அனுப்ப, ஹுவான் தே ஹெர்ரேரா வரைந்த சந்தை மண்டபம் அது. வியாபாரம் போன பிறகு மண்டபத்துக்கு வேலை இல்லை. 1785இல் மூன்றாம் கார்லோஸ் மன்னர் சீமாங்காஸ் கோட்டையிலும் காதிஸிலும் செவியாவிலும் சிதறிக் கிடந்த அமெரிக்கக் காலனி ஆவணங்களை எல்லாம் இங்கே கொண்டுவரச் சொன்னார். இன்று 'இந்தியாஸ் ஆவணக் காப்பகம்' என்ற பெயரில் சுமார் 43,000 கட்டுகள், 8 கோடிப் பக்கங்கள் இங்கே அடுக்கியிருக்கின்றன. கப்பல்கள் காதிஸுக்குப் போயின. கணக்கு செவியாவுக்குத் திரும்பியது. ஸ்பானிய அமெரிக்காவின் 300 ஆண்டுச் சரித்திரத்தை எழுத வருகிற பலரும் இன்றும் இந்த ஊருக்குத்தான் வருகிறார்கள். அதற்கு எந்த ஓதத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

(அடுத்த வாரம்: மலைமேல் தண்ணீரை ஏற்றிய கிரனாதா)