உள்ளங்கையில் ஒரு போர் விமானம்

1942ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அமெரிக்கப் பள்ளிகளுக்கு அந்நாட்டுக் கடற்படையிடமிருந்து ஒரு வேண்டுகோள் வந்தது. மாணவர்கள் தம் பள்ளியின் தச்சுப் பட்டறையில் மரத்தாலான சிறு விமானங்களைச் செய்து தரவேண்டும் என்பதே அது. ஒன்றிரண்டு அல்ல, ஐம்பது வகை விமானங்கள், வகைக்குப் பத்தாயிரம் வீதம், மொத்தம் 5,00,000. உலகப் போர் மூண்டிருந்த வேளையில், பார்ப்பதற்கு விளையாட்டுப் பொருள் போன்ற இவை ஒரு கடற்படைக்கு எதற்கு?

சில வாரங்களுக்கு முன் நடந்த ஒரு நிகழ்ச்சியை அறிந்தால் இதற்கு விடை கிடைக்கும். 1941 டிசம்பர் 7 அன்று காலையில் ஜப்பானிய விமானங்கள் ஹவாய்த் தீவுகளிலுள்ள பேர்ல் துறைமுகத்தைத் தாக்கின. அன்றிரவு, எண்டர்பிரைஸ் என்னும் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலைச் சேர்ந்த ஆறு போர் விமானங்கள் அங்கே தரையிறங்க வந்தன. காலைத் தாக்குதலால் கலங்கியிருந்த வீரர்கள், வருபவை பகை விமானங்கள் என்று கருதிச் சுட்டனர். மூன்று விமானிகள் தம் நாட்டவர் சுட்டதாலேயே உயிரிழந்தனர்.

வானில் வருவது நம்முடையதா, பகைவருடையதா என்பதைச் சில நொடிகளில் சொல்லவேண்டும். அத்தொலைவில் கொடியும் தெரியாது, எண்ணும் தெரியாது. தெரிவது விமானத்தின் நிழலுருவம் மட்டுமே. இறக்கை நுனி வட்டமா, சதுரமா? வால் உயரமா, தாழ்வா? மூக்கு நீண்டதா, குட்டையா? இவற்றைக் கண் பழகியிருக்க வேண்டும். அப்பழக்கத்தைத் தருவதற்கே மாதிரி விமானங்கள் தேவைப்பட்டன. ஆகவேதான் மாணவர்கள் செய்த விமானங்களுக்குக் கறுப்பு வண்ணம் மட்டுமே பூசப்பட்டது. அழகுக்காகச் செய்தவை அல்ல அவை.

அவற்றின் அளவைக் கவனியுங்கள். உண்மை விமானத்தின் ஆறு அடிக்கு மாதிரியில் ஓர் அங்குலம். ஆறு அடி என்பது 72 அங்குலம்; எனவே இவ்விகிதத்தை 1:72 என்று எழுதுவர். இப்போது ஒரு சிறு கணக்கு. மாதிரியை 35 அடி தொலைவில் பிடித்தால், 35-ஐ 72-ஆல் பெருக்க 2,520 அடி வருகிறது. அதாவது, ஏறத்தாழ அரை மைல் தொலைவில் பறக்கும் உண்மை விமானம் எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ, அவ்வளவு பெரிதாகவே அம்மாதிரி தெரியும். ஒரு நீண்ட அறையின் ஒரு கோடியில் நின்று ஆசிரியர் மாதிரியைத் தூக்கிக் காட்ட, மறுகோடியில் அமர்ந்திருப்பவர் அரை மைல் வானத்தைப் பார்த்துப் பழகலாம்.

இதனால், மாணவர் கையில் நேரும் சிறு பிழையும் பெரிதாகிவிடும். இறக்கை ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு நீண்டுவிட்டால், உண்மையில் அது ஒன்பது அங்குலப் பிழை. அதனால்தான் விமானத்தின் வடிவை அட்டையில் வெட்டி, செதுக்கிய மரத்தின்மீது பொருத்திப் பார்த்தனர். அட்டைக்கும் மரத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் வேலை முடியவில்லை என்று பொருள். தேர்வில் தேறாத மாதிரிகள் ஏற்கப்படவில்லை.

போர் முடிந்தபின்னும் 1:72 என்னும் அந்த அளவு மறையவில்லை. போருக்கு முன்பே, 1936இல், பிரிட்டனில் 'ஃபிராக் பெங்குவின்' என்ற பெயரில் பிளாஸ்டிக் மாதிரிகள் இதே அளவில் விற்பனைக்கு வந்திருந்தன. 1953இல் 'ஏர்ஃபிக்ஸ்' நிறுவனம் ஸ்பிட்ஃபயர் விமானத்தின் மாதிரியை வெளியிட்டது. அதன்பின் பல நாட்டுப் பிள்ளைகளின் அலமாரிகளில் இந்த 72 குடியேறிவிட்டது. பீரங்கி வண்டிகளுக்கு வேறோர் அளவு: 1:35. அதற்கு எவ்விதக் கணித நியாயமும் இல்லை. ஜப்பானின் ஷிசுவோகா நகரில் மர வணிகமாகத் தொடங்கிய 'டமியா' நிறுவனம், 1960களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பேந்தர் என்னும் பீரங்கி வண்டியை மோட்டாரால் ஓடும் மாதிரியாகச் செய்தது. உள்ளே மின்கலங்கள் அடங்கவேண்டும்; அவை அடங்கும் அளவுக்கு வண்டியின் உடலை அமைத்தனர். பின்னர் அளந்து பார்த்தால் விகிதம் ஏறத்தாழ 35 என்று வந்தது! இன்று உலகெங்கும் பீரங்கி வண்டி மாதிரிகளுக்கு அதுவே வழக்கமான அளவுகளுள் ஒன்று.

நாம் செய்து பார்ப்பதற்கு ஒரு விமானத்தைத் தேர்ந்தெடுப்போம். தில்லியில் பாலம் என்னும் பகுதி உள்ளது. அது ஊரின் பெயர், ஆற்றைக் கடக்க உதவும் பாலம் அன்று. அங்குள்ள இந்திய வான்படை அருங்காட்சியகத்தில் 'நேட்' என்னும் சிறிய போர் விமானத்தைக் காணலாம். நேட் என்றால் கொசுவைப் போன்ற ஒரு சிறு பூச்சி. பிரிட்டனில் வடிவமைக்கப்பட்ட இவ்விமானம், பெங்களூரில் உரிமம் பெற்றுக் கட்டப்பட்டது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வான்தளத்தின்மீது குண்டுகள் விழுந்துகொண்டிருந்தபோதே, நிர்மல் ஜித் சிங் செகோன் மேலெழுந்து போரிட்டு உயிர்நீத்தது இத்தகைய நேட் விமானத்தில்தான். இந்திய வான்படையில் பரம் வீர் சக்ரா விருது பெற்றவர் அவர் ஒருவரே. அவருடைய 18ஆம் படைப்பிரிவு 2020இல் கோயம்புத்தூரை அடுத்த சூலூரில் தேஜஸ் விமானங்களோடு இயங்கத் தொடங்கியது. அடுத்த விடுமுறையில் அப்பக்கம் செல்பவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டே செல்லலாம்.

நேட்டின் நீளம் 8.74 மீட்டர், இறக்கையின் அகலம் 6.73 மீட்டர். இவற்றை 72-ஆல் வகுத்தால், மாதிரியின் நீளம் 12 செ.மீ.க்குச் சற்று மேல், அகலம் 9.3 செ.மீ. நீட்டிய உள்ளங்கையில் அடங்கும்.

கடையில் பெட்டி வாங்கும்போதே முதல் சிக்கல் எழுகிறது. நெடுங்காலமாக எளிதில் கிடைத்து வந்தது, பிரிட்டனின் 'ரெட் ஏரோஸ்' என்னும் வான்சாகசக் குழுவினர் ஓட்டிய பயிற்சி நேட்டின் மாதிரியே. அதில் இருவர் அமர்வர். இந்தியா போரில் பயன்படுத்தியதோ ஒருவர் மட்டும் அமரும் நேட். பயிற்சி விமானம் மூன்று அடி நீளம் கூடுதல், இறக்கையும் பெரிது. மாதிரியில் அந்த மூன்று அடி, அரை அங்குலமாகிவிடும். பயிற்சி நேட்டுக்கு இந்திய வண்ணம் பூசி, செகோனின் விமானம் என்று மேசையில் நிறுத்துவோர் உண்டு. 1942இல் அட்டையை வைத்துப் பார்த்த ஆசிரியரிடம் அது தேறியிருக்குமா? ஒருவர் அமரும் நேட்டுக்கும் இப்போது மாதிரிப் பெட்டிகள் வந்துள்ளன. பெட்டியின்மேல் உள்ள படத்தைப் பார்த்து மயங்காமல், இருக்கைகளை எண்ணிவிட்டு வாங்குக.

பெட்டிக்குள் பாகங்கள் பிளாஸ்டிக் சட்டங்களில் கிளைகளில் காய்கள்போலத் தொங்கும். அவற்றைக் கையால் முறிக்கலாகாது. சிறு வெட்டுக்குறடால் வெட்டி, எஞ்சிய முளையை உப்புத்தாளால் தேய்க்கவேண்டும். வெட்டுக்கத்தி தேவைப்படும் இடங்களில் பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும். இதற்கான பசை நாம் தாள் ஒட்டும் பசையைப் போன்றதன்று. அது பிளாஸ்டிக்கைச் சிறிது கரைத்து, இரு பாகங்களையும் ஒன்றாக உருக்கிவிடுகிறது. ஆகவே ஒரு துளி மிகுந்தாலும் அழியாத வடு ஏற்படும். பசைபட்ட விரலால் தொட்டால் கைரேகை விமானத்திலேயே பதிந்துவிடும். அதன் ஆவி நல்லதன்று; சன்னலைத் திறந்து வைத்துக்கொள்க.

முதலில் விமானி அறையை வண்ணம் பூசி முடிக்கவேண்டும். உடலின் இரு பாதிகளும் ஒட்டியபின் அங்கே தூரிகை நுழையாது. ஒட்டுவதற்கு முன் மூக்குப் பகுதிக்குள் ஓர் இரும்புத் திருகாணியோ, சிறு ஈயக்குண்டோ வைத்து ஒட்டிவிடுக. மறந்தால், மூன்று சக்கரங்களில் நிற்கவேண்டிய விமானம் வாலைத் தரையில் ஊன்றி வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடும். மாதிரி செய்வோரில் இந்தக் காட்சியைக் காணாதவர் அரியர்.

இணைப்புகளில் தெரியும் கோடுகளுக்குச் சுவருக்குப் பூசுவதுபோலவே பட்டி பூசி, காய்ந்தபின் தேய்க்கவேண்டும். உப்புத்தாளின் எண் கூடக்கூட அது மென்மையாகும். 400இல் தொடங்கி 1000 வரை செல்லலாம். பின்னர் வண்ணம். இங்கும் அந்த 72 நம்மை விடாது. பூச்சின் தடிப்பு பத்தில் ஒரு மில்லிமீட்டர் என்று கொண்டால், உண்மை விமானத்தில் அது ஏழு மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட தடிப்பு! எந்த விமானத்துக்கும் அவ்வளவு தடித்த தோல் கிடையாது. எனவே நீர்த்த வண்ணத்தை மெல்லிய பூச்சாகப் பலமுறை பூசுவர்.

சின்னங்களும் எண்களும் நீரில் ஊறவைத்து ஒட்டும் மெல்லிய படங்களாக வரும்; அவற்றை டீகால் என்பர். சொரசொரப்பான வண்ணத்தின்மேல் ஒட்டினால், அடியில் காற்று சிக்கி, ஓரங்கள் வெளிறி மின்னும். முதலில் பளபளப்பான தெளிபூச்சு ஒன்றைப் பூசிவிட்டு ஒட்டினால் இத்தொல்லை இல்லை. இந்திய வான்படையின் வட்டச் சின்னத்தில் வெளியே காவி, இடையே வெள்ளை, நடுவே பச்சை. விடுதலைக்குப் பின் 1950 வரை இவ்வட்டம் வேறு; அப்போது நீல நிற அசோகச் சக்கரம் இருந்தது. ஆண்டை அறியாமல் சின்னத்தை ஒட்டலாகாது.

புதிதாகச் செய்வதைவிடப் பழைய மாதிரியைச் சீர்செய்வது கடினம். பல்லாண்டுத் தூசியை மென்தூரிகையால் நீக்கவேண்டும். விமானி அறையின் மங்கிய கண்ணாடி மூடியைச் சிறிது பற்பசையால் மெல்லத் தேய்த்துத் தெளிவாக்கலாம். முறிந்த சக்கரக் காலுக்குள் மெல்லிய கம்பியைச் செருகி நிறுத்தலாம். இவை கையின் வேலைகள். எதைச் சீர்செய்வது, எதை விட்டுவிடுவது என்று முடிவு செய்வதுதான் கடினமானது. அதில் நான் ஒருமுறை தவறினேன்.

என் மாமா மாணவப் பருவத்தில் தேசிய மாணவர் படையின் வான்பிரிவில் இருந்தவர். 1971 போர் முடிந்த சில மாதங்களில் அவர் மரத்தால் ஒரு நேட் செதுக்கினார். நான் பார்த்தபோது அது பரண்மேல் ஒரு தகரப் பெட்டிக்குள் கிடந்தது. வால் முறிந்திருந்தது, வண்ணம் உரிந்திருந்தது. அதைப் புதிதாக்கி அவரை மகிழ்விக்க எண்ணினேன். வாலை ஒட்டினேன், உடலைத் தேய்த்தேன். இறக்கையில் அவர் வரைந்திருந்த வட்டச் சின்னத்தில் பச்சை வெளியேயும் காவி உள்ளேயும் இருந்தன. தவறு என்று கண்டு, இடது இறக்கையில் அதை முழுவதும் தேய்த்தெடுத்துவிட்டுச் சரியான வரிசையில் வரைந்தேன்.

மாமா அதைக் கையில் வாங்கி நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வண்ணம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வட்டம் ஏன் தலைகீழாக இருந்தது தெரியுமா? எங்களிடம் இருந்தது செய்தித்தாளில் வந்த ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அதில் காவியும் சாம்பல், பச்சையும் சாம்பல். எது வெளியே என்று நண்பர்களுக்குள் ஒரு மாலை முழுவதும் வாதிட்டோம். நான் தோற்றேன், இருந்தாலும் என் விருப்பப்படியே பூசிவிட்டேன்" என்றார்.

நான் அழித்தது பிழையை மட்டும் அன்று. படங்கள் அரிதாயிருந்த ஒரு காலத்தில், தொலைவிலிருந்த விமானத்தைப் பிள்ளைகள் எவ்வாறு அறிந்துகொண்டனர் என்பதற்கான சான்று அது. பகை விமானத்தை அடையாளம் காணச் செய்த மாதிரியில் பிழை இருக்கக் கூடாது. மாமாவின் விமானத்திலோ அந்தப் பிழைதான் அரிய பகுதி. சரியான சின்னத்தைப் பார்க்க விரும்பினால் புதிய பெட்டி ஒன்றை வாங்கிச் செய்திருக்கலாம்.

அன்றுமுதல் பழைய மாதிரி எதையும் தொடுவதற்கு முன் எல்லாப் பக்கங்களிலும் படம் எடுத்துக்கொள்கிறேன். என்ன செய்தேன், எந்த நாளில் செய்தேன் என்பதை ஒரு தாளில் எழுதி அடியில் வைக்கிறேன். கூடியவரை, பின்னால் வருபவர் நீக்கக்கூடிய பசையையும் வண்ணத்தையுமே பயன்படுத்துகிறேன்.

மாமாவின் நேட் இப்போது என் மேசையில் உள்ளது. வலது இறக்கையை நான் தொடவில்லை. ஒரு பக்கம் வெளியே காவி. மறுபக்கம் வெளியே பச்சை. வீட்டுக்கு வரும் பிள்ளைகள் எது சரி என்று கேட்பார்கள். முதலில் அவர்களை அருங்காட்சியகப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வேன். பிறகு அந்தச் செய்தித்தாளின் கதையைச் சொல்வேன்.